படத்தில் தெரியாத வலி

என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். மறுநாள் காலையில் போய் மொட்டை போட்டுக்கொண்டும் வந்துவிட்டார். நாத்தனார் போன் செய்து, "முருகன் காப்பாத்திட்டான் அண்ணி" என்றாள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் தோளில் தட்டிக் கொடுத்தாள். அது நிம்மதி இல்லை, கோபம். மாதக்கணக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் வந்து ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம்? அப்போது இத்தனை நாளாக வலித்தது எது?

ஒன்றுமில்லை என்று சொல்லும்போதே டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆஞ்சியோ படத்தில் கறுப்புக் கறுப்பாக மூன்று கொடி ஓடிற்று. "பாருங்கம்மா, மூணு ரத்தக் குழாயும் சுத்தமா இருக்கு. அடைப்பே இல்ல. குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். எனக்குக் குடுத்து வைத்தது என்ன என்று எனக்குத்தானே தெரியும்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. போர்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறவள் தன் பங்குக்கு ஒயரைச் செருகி, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். ஷிப்டு முழுக்க நின்றுகொண்டுதான். வல்லம் வடகாலில் எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரு காலையில்தான் முதல் முதலாக அந்த வலி வந்தது. நெஞ்சுக்கு நடுவே ஈரத்துணியைப் பிழிவது மாதிரி ஒரு பிழிசல். அப்படியே தாடைக்கு ஏறும். இடது தோள் கனக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் விடும். சில நாள் ஓடாமல் ஆடாமல் சும்மா இருக்கும்போதும் வந்தது.

"கேஸு தான் கீது. ஓமத்தண்ணி குச்சிட்டு படு, சரியாப் பூடும்" என்றார் வீட்டுக்காரர். கம்பெனியில் இருக்கும் முதலுதவி அறையிலும் அதே பாட்டுதான். கேஸ் மருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓமமும் மூடி மருந்தும் குடித்துக் குடித்து என் வயிறு பழுதில்லாமல் ஆனதுதான் மிச்சம். வலி அதன்பாட்டுக்கு வந்து போனது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டு தொடங்கும்போதும், டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதும் சூப்பர்வைசர் முதல் போர்டிலிருந்து கடைசி போர்டு வரை நடந்து வருவார். ஒவ்வொருத்தியிடமும் "ஓகேவா?" என்று கேட்பார். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லா விரலும் மேலே போன பிறகுதான் லைன் ஓடும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றாலோ, கருவி சரியில்லை என்றாலோ அப்போதே சொல்லட்டும் என்று பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தி விரல் தூக்காவிட்டால் லைன் நிற்கும். லைன் நின்றால் டார்கெட் போகும். டார்கெட் போனால் மொத்த வரிசைக்கும் திட்டு விழும், எல்லாக் கண்ணும் அவள்மேல் திரும்பும். ஆகவே தூக்காமல் யாரும் இருந்ததில்லை. காய்ச்சலோடு தூக்கியிருக்கிறோம். மாத வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருக்கிறோம். ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு வந்து ஒரு கையால் வாயைத் துடைத்தபடி மறு கையால் தூக்கினாள். நானும் யோக்கியம் இல்லை. நெஞ்சு பிழிந்துகொண்டிருக்கும்போதே எத்தனையோ தடவை விரலைத் தூக்கியிருக்கிறேன்.

ஒரு நாள் முடியாமல் போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோவுக்கு எழுதினார்கள். ரிப்போர்ட் வரும் வரைக்கும் உட்கார்ந்து வேலை செய்யக் கம்பெனியில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். அந்த ஸ்டூலில் இருந்த நாட்களில் வலி பாதியாகக் குறைந்தது. வேலையும் குறையவில்லை, உட்கார்ந்தபடியே எல்லாரோடும் சமமாக ஒயர் செருகினேன். ஆனால் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே ஸ்டூல் போய்விட்டது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஹெச்.ஆர். அறையில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "ஸ்டூல் மெடிக்கல் காரணத்துக்காகத்தாம்மா குடுத்தது. இப்பதான் உங்களுக்கு ஒண்ணுமில்லையே. எல்லாரும் நிக்கறாங்க, நீங்களும் நிக்கணும். இனிமே நடுவுல உக்காந்தா நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"வலிக்குதே சார்" என்றேன்.

"ரிப்போர்ட்ல இல்லையேம்மா" என்றார்.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது லைனில். என் பக்கத்துப் போர்டில் நிற்கிறவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷனும் இங்கே கார் கம்பெனியில் வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். அவளுக்கு முதுகுவலி. இடுப்பில் பெல்ட் கட்டி, அது தெரியாமல் இருக்க யூனிபார்ம் சட்டையைப் பெரிதாக வாங்கிப் போட்டிருப்பாள். அவள்தான் எனக்கு நடிகை என்று பேர் வைத்தாள். நான் நெஞ்சைத் தொட்டால் போதும், "என்னக்கா, இன்னைக்கு எந்த சீனு?" என்பாள். வரிசையே சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு மூட வேண்டியதும் இல்லை, நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்டி. உனக்கு வந்தும் தெரியல பாரு" என்றேன் ஒரு நாள். அவள் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே டாக்டர் மனசுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். கீழே மருந்துக் கடையில் வாங்கிய அட்டையை மறுபடியும் மேலே கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"எனக்குத் தூக்கம் நல்லா வருது சார். நெஞ்சுதான் வலிக்குது. தூங்கவெச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்னு பாக்கறீங்களா?"

வெளியே காத்திருந்த கூட்டமெல்லாம் கேட்டது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "டாக்டராண்ட இன்னா பேச்சு இது, வா" என்றார். நான் நகரவில்லை. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. மாத்திரை அட்டையை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு, "சென்னையில ஒரு மேடம் இருக்காங்க. அடைப்பு இல்லாம நெஞ்சு வலிக்கறவங்களுக்கு அவங்க ஒரு டெஸ்ட் பண்றாங்க. எழுதித் தரேன். அதுலயும் ஒண்ணுமில்லன்னா ஒத்துக்கணும்" என்றார்.

"ஒத்துக்கறேன்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? மறுநாள் கேன்டீனில் தூத்துக்குடிக்காரி மறுபடி சீண்டியதும், எல்லோரும் கேட்கும்படி சூப்பர்வைசரிடமே சொல்லிவிட்டேன்: "தம்பி, இந்த டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லன்னு வந்தா நானே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். இருக்குன்னு வந்தா என் ஸ்டூல் என் இடத்துக்கு வரணும். சரியா?" அந்தத் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு, "சரிக்கா" என்றார். இத்தனை பேர் சாட்சி. எங்கள் வீடு ஓடுவது என் சம்பளத்தில். வீட்டுக்காரருக்கு வேன் ஓட்டம் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. ராத்திரி படுக்கும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு அந்த லைனில் நிற்பதைவிட வெளியே போவது மேல்.

சென்னை மேடம் என்னைப் பேசவிட்டார். அதுவே எனக்குப் புதுசு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படத்துல ஒண்ணுமில்லங்கறது உண்மை. வலி இருக்கறதும் உண்மையா இருக்கலாம்" என்றார். "பெரிய குழாய் மூணும் நல்லா இருக்கு. அதுக்கு அப்புறம் முடியைவிட மெல்லிசா எத்தனையோ சின்னக் குழாய் இதயத்துக்குள்ள போகுது. அது எந்தப் படத்துலயும் விழாது. பாக்க முடியாது, அளந்துதான் தெரிஞ்சுக்கணும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஷிப்டு விடும் நேரத்தில் எங்கள் ஒரகடத்துப் பெரிய ரோடு சில நாள் காலியாகத்தான் இருக்கும். கம்பெனிகளுக்குப் போகும் உள்சந்துகளில் பஸ்ஸும் லாரியும் அடைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் போக முடியாது. மேலே நின்று பெரிய ரோட்டை மட்டும் படம் எடுத்தால் டிராபிக்கே இல்லை என்றுதானே தோன்றும்? அப்படியே மேடத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதேதான்" என்றார்.

டெஸ்ட் எப்படி என்று விளக்கினார். மணிக்கட்டு வழியாக இதயத்து ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விடுவார்கள். அதன் முனை அழுத்தத்தையும் சூட்டையும் சொல்லும். பிறகு உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் செலுத்துவார்கள். ரத்தத்தைவிட அது குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி எவ்வளவு வேகமாகக் கம்பி முனைக்குப் போகிறது என்று பார்த்தால் ரத்தம் ஓடும் வேகம் தெரிந்துவிடும். சும்மா படுத்திருக்கும்போது அளப்பார்கள். பிறகு குழாய்களை விரிக்கும் மருந்தை ஏற்றி, ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று மறுபடி அளப்பார்கள். கடைசியாக, குழாயைச் சீண்டிப் பார்க்கும் இன்னொரு மருந்து.

"அந்த மருந்து போடும்போது மூணு பாப்போம்" என்றார் மேடம். "ஈசிஜி மாறுதா, பெரிய குழாய் சுருங்குதா, அப்புறம் நீங்க. உங்களுக்கு வழக்கமா வர்ற அதே வலி வருதான்னு நீங்கதான் சொல்லணும். அது எந்த மெஷினுக்கும் தெரியாது."

"நான் சொன்னா நம்புவீங்களா மேடம்?"

"நீங்க சொன்னாத்தாம்மா இந்த டெஸ்ட்டே முடியும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போல இருந்தது.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் டீ, காபி தொடக்கூடாது. தொட்டால் விரிக்கும் மருந்து வேலை செய்யாது என்றார்கள். சஷ்டிக்குப் பட்டினி கிடந்துவிடலாம். லைனில் நிற்கிறவளுக்கு டீ இல்லாத நாள் இருக்கிறதே, அது தனி விரதம். வீட்டுக்காரர் என் முன்னால் குடிக்கக் கூடாது என்று தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீசையில் டீ வாசனை. "நல்லா கீற நீ" என்று திட்டினேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டெஸ்ட் அன்று என்னை மேசையில் படுக்க வைத்து வலது கையைக் கட்டினார்கள். இடது கை போர்வைக்கு வெளியே இருந்தது. முழு நினைவு இருந்தது. கம்பி உள்ளே போனது தெரியவில்லை. விரிக்கும் மருந்து ஏறியபோது மூச்சு முட்டி முகமெல்லாம் சூடானது. இது என் வலி இல்லை என்று சொன்னேன். மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "ஓட்டம் நல்லாத்தான் கூடுது" என்றார்.

நல்லாத்தான் கூடுது. மறுபடியும் நார்மலா? கேன்டீன், தூத்துக்குடிக்காரியின் சிரிப்பு, எழுதிக்கொடுக்கப் போகும் வேலை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. உடம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டு இப்படிப் பதறுகிற பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு சீண்டும் மருந்து. முதலில் கொஞ்சம் போட்டார்கள், ஒன்றும் வரவில்லை. அளவைக் கூட்டினார்கள். வந்தது. அதே ஈரத்துணி, அதே பிழிசல். நடு நெஞ்சில் தொடங்கித் தாடைக்கு ஏறியது. வாடி வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். இத்தனை நாள் எல்லோரும் இல்லை என்று சொன்ன சனியன், டாக்டர்கள் கண்ணெதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தலைமாட்டில் நின்ற டெக்னீஷியன் குனிந்து, "ஓகேவாம்மா?" என்றார்.

என் இடது கை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

நான் தூக்கவில்லை. சத்தியமாக நான் தூக்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தது, விரல் தானாக எழுந்து நின்றது. "பேஷன்ட் ஓகே மேடம்" என்றார் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம், "வலி இல்லைன்னு குறிச்சுக்கங்க" என்று மேடம் சொன்னது கேட்டது.

தலையைத் திருப்பி அந்த விரலைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. வீட்டுக்காரரை எதிர்த்தேன், டாக்டர் மேசையில் மாத்திரையை வைத்தேன், கேன்டீனில் சவால் விட்டேன். யாருக்கும் அடங்காதவள் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். என் கை மட்டும் எப்போதோ கம்பெனிக் கையாகிவிட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வலது கை கட்டில்லாமல் இருந்திருந்தால் அந்த விரலை அங்கேயே ஒடித்திருப்பேன்.

விரலை மடக்கினேன். "இல்ல மேடம்" என்றேன். மூச்சு வாங்கியது. "வலிக்குது. நான் ஓகே இல்ல. அந்த விரல் சும்மா தூக்கினது, அத நம்பாதீங்க."

மேடம் பக்கத்தில் வந்தார். "வேற வலியா, அதே வலியா?"

"அதே சனியன்தான் மேடம். தாடைக்கு ஏறுது."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"மருந்தக் கூட்டினீங்களே, உடனே."

"அப்ப ஏம்மா விரல் காட்டினீங்க?"

"லைன்ல ஓகேவான்னு கேட்டா தூக்கித்தான் மேடம் பழக்கம். செத்தாலும் தூக்குவோம்."

மேடம் திரும்பி, "ஈசிஜி?" என்றார். "மாறிக்கிட்டு இருக்கு மேடம். கோடு இறங்குது" என்று பதில் வந்தது. "பெரிய குழாய்?" "அப்படியே இருக்கு, சுருங்கல." உடனே தளர்த்தும் மருந்தைப் போட்டார்கள். பிழிந்த துணியைக் கைவிட்டது மாதிரி நெஞ்சு மெல்ல மெல்ல விரிந்தது.

"சின்னக் குழாய்தான் சுருங்குது" என்றார் மேடம், என் நெற்றிக்கு நேரே குனிந்து. "இதுக்குப் பேர் இருக்கு, மருந்தும் இருக்கு. உங்க வலி உண்மைம்மா."

மறுபடியும் அழுதேன். இந்தத் தடவை நிம்மதியில்தான். வெளியே நின்ற வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். "இருக்குதா? மெய்யாலுமே கீதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு முள்முள்ளாக முளைத்திருந்த தலையைத் தடவி, "ஒண்ணுமில்லன்னதுக்கு மொட்ட போட்டுட்டனே. இப்ப முருகனுக்கு இன்னாத்த குடுக்கறது?" என்றார். சிரித்ததில், கம்பி விட்டுக் கட்டுப்போட்டிருந்த மணிக்கட்டு வலித்தது.

மருந்து ஆரம்பித்து, ஓய்வு முடிந்து, ரிப்போர்ட்டை ஹெச்.ஆரில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். ஸ்டூல் தர வேண்டும் என்று மேடம் தெளிவாக எழுதியிருந்தார். என் இடத்துக்குப் போனால் ஸ்டூல் இல்லை. போர்டு மட்டும் நின்றுகொண்டிருந்தது. தூத்துக்குடிக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள், ஆனால் எந்த சீன் என்று கேட்கவில்லை.

சூப்பர்வைசர் முதல் போர்டிலிருந்து நடந்து வந்தார். ஓகேவா, விரல். ஓகேவா, விரல். என்னிடம் வந்தார்.

"ஓகேவாக்கா?"

இரண்டு கையையும் போர்டின்மேல் விரித்து வைத்துக்கொண்டேன். விரலை எனக்கு நம்பிக்கை இல்லை.

"அக்கா, விரல்" என்றார் மெதுவாக.

"ஓகே இல்ல தம்பி. ஸ்டூல் எங்க?"

"மேல மெயில் போட்டிருக்காங்கக்கா. வந்துடும். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடுங்க. எல்லாரும் வெயிட் பண்றாங்க பாருங்க."

வரிசையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை காலம் நான் பயந்ததெல்லாம் இந்தப் பார்வைக்குத்தான். திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"நானும்தான் வெயிட் பண்றேன்" என்றேன். "ஓகேவான்னு நீதான கேட்ட? இல்லன்னு சொல்றேன். இல்லன்னா இன்னா பண்ணணுமோ பண்ணு."

அவருக்கு அது தெரியவில்லை. இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லையே. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெச்.ஆர். அறைப் பக்கம் பார்த்தார். கடைசியில் செக்கிங் மேசைக்குப் போய் அங்கே கிடந்த ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் வைத்தார். உட்கார்ந்தேன். சட்டையைச் சரி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு விரலைத் தூக்கினேன்.

அவர் மூச்சை விட்டுவிட்டு அடுத்த போர்டுக்கு நகர்ந்தார். "ஓகேவா?" என்றார்.

தூத்துக்குடிக்காரியின் கை பாதி வரை எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, சட்டைக்குள் பெல்ட் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஓகே இல்ல சார்" என்றாள். "முதுகு வலிக்கி."